சிலாங்கூர் – ஜொகூர் ஆட்டம்: யாருக்கு வெற்றி, யாருக்குச் சம்பளம்?

இந்த வாரம் போனஸ், வீட்டுக் கூரை, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பந்து பேசப் போகிறோம். அன்பர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம். தோட்டம் தோட்டமாகக் கூட்டம் போடப் போகிறவர்கள் நாம். கூட்டத்தில் பெரியவர்கள் கேட்பது கூலியைப் பற்றி. கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போது இளைஞர்கள் வந்து சூழ்ந்து கொண்டு கேட்பது, "அண்ணே, ஜொகூர்காரன இந்தத் தடவையாச்சும் நம்மாளுங்க அடிப்பாங்களா?" என்பதுதான். முதல் கேள்விக்குப் பல வாரங்களாக இங்கே பதில் எழுதி வருகிறோம். இரண்டாவது கேள்விக்கு இன்று.

சிலாங்கூரும் ஜொகூர் டாருல் தக்சிமும் மோதும் ஆட்டம் நெருங்குகிறது. ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறோம். நாம் சிலாங்கூர்க்காரர்கள். சிவப்பு மஞ்சள் சட்டையை இரும்புப் பெட்டியில் மடித்து வைத்திருப்பவர்கள். ஆகவே நம் கணிப்பில் கொஞ்சம் ஒரு பக்கச் சாய்வு இருக்கத்தான் செய்யும். குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் சகோதரர்கள் ஆத்திரப்படாமல் கடைசி வரை படிக்க வேண்டும்.

பழம்பெருமை என்று பார்த்தால் சிலாங்கூருக்கு ஈடு யாரும் கிடையாது. மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற மாநிலம் அது. இந்தக் கிண்ணத்துக்கு ஒரு கதை உண்டு. 1921-இல் 'மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இங்கே வந்து போனபோது கப்பல்காரர்கள் பரிசாகக் கொடுத்த கிண்ணம் இது. அந்தக் கப்பலைக் கட்டப் பணம் கொடுத்ததே நமது மலாய்க் கூட்டு மாநிலங்கள்தான். கூட்டு மாநிலங்களுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் வந்தது. நம் பாட்டனும் பாட்டியும் வெட்டிய பால் கப்பலாகப் போய்க் கிண்ணமாகத் திரும்பி வந்தது என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முதல் ஆண்டு இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூர் 2–1 என்று சிலாங்கூரைத் தோற்கடித்தது. 1967-இல் அதற்கு மலேசியக் கிண்ணம் என்ற பெயர் வந்தது.

பழைய கணக்கு அப்படி. புதிய கணக்கு வேறு. சிலாங்கூர் கடைசியாக அந்தக் கிண்ணத்தைத் தூக்கியது 2015-இல். 2022 இறுதி ஆட்டத்தில் புக்கிட் ஜாலிலில் ஜொகூரிடம் 1–2 என்று தோற்றுத் திரும்பியது. சூப்பர் லீக்கை எடுத்துக் கொண்டால், 2014 முதல் 2024/25 வரை ஒரு பருவம்கூட விடாமல் 11 முறை ஜொகூரே பட்டம் வாங்கியது. 2015-இல் ஆசியக் காற்பந்து சம்மேளனத்தின் ஏஎஃப்சி கிண்ணத்தையும் வென்றது. தென்கிழக்காசியாவிலிருந்து அதை வென்ற முதல் குழு அதுதான். 2023-லும் 2024/25-லும் சிலாங்கூருக்கு லீக்கில் இரண்டாம் இடம். இரண்டாம் இடம் என்பது நல்ல இடம்தான். ஆனால் முதலிடக்காரனுக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே இருந்த தூரம் சின்னத் தூரம் அல்ல.

ஆட்டம் எப்படிப் போகும்?

நாம் பார்த்த வரையில், ஜொகூரை எதிர்த்து ஆடும் நல்ல குழுக்கள் முதல் பாதியில் தோற்பதில்லை. அறுபது நிமிடம் வரை மூச்சைப் பிடித்துக் கொண்டு நிற்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கால் தளர்கிறது. காரணம் மைதானத்தில் இல்லை, பெஞ்சில் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு ஆட்டத்தில் மூன்று பேரைத்தான் மாற்றலாம். கோவிட் காலத்தில், 2020-இல், தற்காலிகமாக ஐந்து பேர் என்று தளர்த்தினார்கள். 2022-இல் அதையே நிரந்தரமாக்கி விட்டார்கள். ஐந்து பேரை மாற்றலாம் என்றால் கிட்டத்தட்டப் பாதிக் குழுவை மாற்றலாம். மற்ற கிளப்புகளில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பழகுகிற பையன். ஜொகூர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் வேறு எங்கே போனாலும் முதல் பதினொருவரில் இருப்பார். அறுபத்தைந்தாவது நிமிடத்தில் களைத்த காலுக்கு எதிரே புதுக் கால் வந்து நிற்கிறது. அங்கேதான் ஆட்டம் முடிகிறது. காலையிலிருந்து குலை வெட்டிக் களைத்தவனோடு, இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தவனைப் போட்டி போட விட்டால் என்ன ஆகுமோ அதேதான்.

ஆகவே சிலாங்கூர் செய்ய வேண்டியது என்ன என்று நம்மைக் கேட்டால், நாம் பயிற்றுநர் இல்லை, இருந்தாலும் சொல்லுவோம். முதல் இருபது நிமிடத்தில் ஓடி ஓடிக் களைத்துப் போகக் கூடாது. சொந்தத் திடல், சொந்தக் கூட்டம், கத்துகிறார்கள் என்ற வேகத்தில் மேலே மேலே ஏறிப் போய்ப் பின்னால் வாசலைத் திறந்து வைக்கிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. ஜொகூரின் வலது ஓரத்தில் ஆரிஃப் ஐமான் பல பருவங்களாகப் பல தற்காப்பு ஆட்டக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தவர். அந்தப் பக்கத்துக்கு ஒருவர் போதாது, இரண்டு பேர் சேர்ந்து அடைக்க வேண்டும். கோலுக்கு முன்னால் பிரேசில்காரர் பெர்க்சன், 2024/25-இல் லீக்கிலேயே அதிக கோல் போட்டவர். அப்படிப்பட்டவருக்குப் பந்து போய்ச் சேர்ந்த பிறகு தடுப்பதை விட, போகும் வழியில் தடுப்பதுதான் புத்தி. எதிராளி கோல் பக்கத்தில் அனாவசியமாகத் தள்ளிவிட்டு ஃப்ரீ கிக் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேகமான இரண்டு பேரைக் கடைசி அரை மணி நேரத்துக்கென்று பத்திரப்படுத்த வேண்டும். ஜொகூர் தன் புதுக் கால்களை இறக்கும்போது நாமும் நம் புதுக் கால்களை இறக்க வேண்டும்.

முதல் கோல் யார் போடுகிறார்கள் என்பது இந்த ஆட்டத்தில் பாதிக் கதை. ஜொகூர் முதலில் போட்டு விட்டால் பந்தைத் தங்களுக்குள்ளேயே சுற்ற விட்டு எதிராளியை ஓட வைப்பார்கள். சிலாங்கூர் முதலில் போட்டால்தான் கூட்டத்துக்குக் கொடுத்த காசுக்கு ஆட்டம்.

மே 2024-ஐ மறக்க வேண்டாம்

இந்த இரண்டு குழுவும் மோதும் போதெல்லாம் நாம் நினைத்துப் பார்க்கிற ஒரு ஆட்டம் உண்டு. அது நடக்காத ஆட்டம். 2024 மே 5-ஆம் தேதி சிலாங்கூர் ஆட்டக்காரர் ஃபைசால் ஹலிம் மீது ஒரு பேரங்காடியில் அமிலம் வீசினார்கள். உடம்பில் கடுமையான தீக்காயம். அதே நாட்களில் திரங்கானு ஆட்டக்காரர் அக்யார் ரஷிட்டைக் கொள்ளைக்காரர்கள் தாக்கினார்கள். ஜொகூரின் சஃபிக் ரஹிமின் கார்க் கண்ணாடியை உடைத்தார்கள். பருவத்தின் முதல் ஆட்டமாக மே 10-ஆம் தேதி ஜொகூரில் இந்த இரண்டு குழுவும் மோத வேண்டும். ஆட்டக்காரர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆட்டத்தைத் தள்ளி வைக்கும்படி சிலாங்கூர் கேட்டது. தள்ளி வைக்கவில்லை. சிலாங்கூர் போகவில்லை. ஆட்டம் 3–0 என்று ஜொகூர் பக்கம் எழுதப்பட்டது, சிலாங்கூருக்குத் தண்டனையும் விழுந்தது.

அன்று காப்பிக் கடையில் எத்தனையோ பேச்சு. "பயந்தாங்கொள்ளிப் பசங்க" என்றார்கள் சிலர். நாம் அதை வேறு மாதிரிப் பார்த்தோம். கூட வேலை செய்கிறவன் உடம்பு வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், யார் செய்தது என்று தெரியவில்லை, அடுத்தது யார் என்றும் தெரியவில்லை. அந்த நேரத்தில், "பாதுகாப்புக்கு உறுதி சொல், பிறகு வருகிறோம்" என்று தொழிலாளி கேட்பது பயம் அல்ல. மருந்து அடிக்கிற வேலைக்குக் கையுறையும் முகமூடியும் கேட்டு நிற்கிற நம் பெண்களைப் பயந்தவர்கள் என்று யாராவது சொன்னால் விடுவோமா? ஃபைசால் ஹலிம் பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு அதே ஆண்டில் திடலுக்குத் திரும்பி வந்தார். அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் எழுந்த கூச்சலில் எதிராளி ரசிகர்களின் குரலும் கலந்திருக்க வேண்டும் என்பது நம் ஆசை.

பெஞ்சுக்கும் சம்பளத்துக்கும் உள்ள முடிச்சு

ஜொகூரின் பெஞ்ச் பலமானது என்றோம். ஏன் பலமானது? பணம் இருக்கிறது என்று ஒரு சொல்லில் முடித்து விடலாம். பணம் உண்மைதான். ஆனால் பணம் இருந்தால் மட்டும் போதாது, அது மாதக் கடைசியில் ஆட்டக்காரர் கைக்கு வர வேண்டும். வந்தால் அவன் வேறு கிளப்பைத் தேடி ஓட மாட்டான். அடுத்த மாத வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டு பந்தைத் துரத்த மாட்டான். சமீபப் பருவங்களில் இந்த இரண்டு கிளப்பைப் பற்றியும் சம்பள பாக்கி என்ற பேச்சு எழவில்லை. அதனால்தான் இந்த ஒரு ஆட்டத்துக்கு நம்மால் கால், பெஞ்ச், ஓரம் என்று பந்துக் கணக்கில் முன்னோட்டம் எழுத முடிகிறது. மற்ற பல ஆட்டங்களுக்கு எழுத உட்கார்ந்தால், முதல் கேள்வி "யார் ஆடுகிறார்கள்?" என்பதல்ல, "சம்பளம் வந்ததா?" என்பதுதான்.

நடந்ததைப் பாருங்கள். கெடா எவ்வளவு பெரிய பெயர். 2016-இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற மாநிலம். சம்பள பாக்கிக்காக அந்தக் கிளப்பின் புள்ளிகள் பறிக்கப்பட்டன. 2025/26 பருவத்துக்கு உரிமமே கிடைக்கவில்லை. 2018-இல் கிண்ணத்தைத் தூக்கிய பேராக் அதே 2025/26 பருவத்திலிருந்து விலகிக் கொண்டது. ஸ்ரீ பகாங், அதற்குச் சற்று முன்தான், 2025 ஏப்ரலில், மலேசியக் கிண்ண இறுதியில் ஜொகூரோடு மோதி 1–2 என்று தோற்ற குழு, அதுவும் விலகியது. இறுதி ஆட்டம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போன குழு அடுத்த பருவத்துக்குத் திரும்பி வரவில்லை. தோட்டம் ஓடிக் கொண்டிருக்கும்போதே திடீரென்று "நாளை முதல் பிரட்டு இல்லை" என்று சொல்வது போல.

இதைப் பற்றி ஒரு தோட்டத்துக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது ஒரு தம்பி எழுந்து கேட்டான்.

"அண்ணே, அவனுங்களுக்குச் சம்பளம் ஆயிரக் கணக்குல. நமக்கு என்னா? ஆயிரத்து எழுநூறு. அவனுங்களுக்காக நாம ஏன் கவலப்படணும்?"

நியாயமான கேள்வி. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று சட்டம் வந்தது. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. இரண்டு பிள்ளைகளோடு குடும்பமாக ஒரு ஆட்டம் பார்த்து, வழியில் சாப்பிட்டு, பெட்ரோல் போட்டு வந்தால் அந்த ஒரு நாள் கூலி போய்விடும். அப்படியிருக்க, பந்துக்காரன் சம்பளத்தைப் பற்றி நமக்கென்ன?

"தம்பி, அவனுக்கு எத்தன வருசம் வேல?" என்று கேட்டோம்.

"முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் ஆடலாம்ணே."

"எல்லாரும் ஆடுறாங்களா? முட்டி போனா?"

"போனா போச்சு."

"ஒப்பந்தம் எத்தன வருசம்?"

"பல பேருக்கு ஒரே வருசம்தானாம்."

"அந்த ஒரு வருசத்துல ஆறு மாசம் சம்பளம் வரலேன்னா?"

தம்பி தலையைச் சொறிந்தான். நம் வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கூலி கைக்கு வந்தாக வேண்டும். எட்டாம் நாள் ஆனால் நாம் கிராணி மேசைக்கு முன்னால் போய் நிற்கிறோம், சங்கத்துக்கு ஃபோன் போடுகிறோம். பந்துக்காரனுக்கு எத்தனை ஆயிரம் என்று பேப்பரில் எழுதியிருந்தாலும், வராத ஆயிரத்தை விட வந்த அறுபத்தைந்து வெள்ளி பெரிசு.

அவர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மலேசியத் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர் சங்கம் அது. உலக ஆட்டக்காரர் சம்மேளனமான ஃபிஃப்புரோவில் அது ஓர் உறுப்பு. உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதியில் 2018 முதல் ஒரு நல்ல பிடி இருக்கிறது. ஒரு கிளப் இரண்டு மாதச் சம்பளத்தை முறைகேடாக நிறுத்தி வைத்தால், ஆட்டக்காரர் எழுத்து மூலமாகக் கேட்டு, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக் கொண்டு வெளியேறலாம், நஷ்ட ஈடும் கேட்கலாம். எழுத்து மூலம் என்பதைக் கவனிக்க வேண்டும். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை என்று நாம் பிரட்டுக் களத்தில் தொண்டை வலிக்கச் சொல்வது பந்துக்காரனுக்கும் பொருந்துகிறது.

விடிய விடிய இங்கிலாந்து ஆட்டம் பார்க்கும் மான்செஸ்டர் யுனைடெட் பிரியர்களுக்கு ஒரு செய்தி. 1907-இல் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் மான்செஸ்டர் நகரத்தில்தான் சங்கம் தொடங்கினார்கள். 1909-இல் அங்கே காற்பந்தை நடத்துகிற மேலிடம், "சங்கத்தை விட்டு விலகு, இல்லாவிட்டால் ஆட விட மாட்டோம்" என்றது. மற்றவர்கள் பயந்து விலகினார்கள். யுனைடெட் ஆட்டக்காரர்கள் மட்டும் விலகவில்லை. ஆட்டமில்லை, சம்பளமில்லை. தங்களுக்குத் தாங்களே 'தள்ளி வைக்கப்பட்டவர்கள்' என்று பெயர் வைத்துக் கொண்டு தனியாகப் பயிற்சி செய்தார்கள். பருவம் தொடங்குமுன் மேலிடம் இறங்கி வந்தது. ஆனாலும் வாரத்துக்கு இவ்வளவுக்கு மேல் எந்த ஆட்டக்காரருக்கும் கொடுக்கக் கூடாது என்ற உச்சவரம்பு நெடுங்காலம் நீடித்தது. கடைசியில் அது 20 பவுன். ஜிம்மி ஹில் தலைமையில் வேலைநிறுத்தத்துக்கு ஓட்டுப் போட்டு, 1961-இல் அதை உடைத்தார்கள். இன்று வாரத்துக்கு லட்சக் கணக்கில் வாங்குகிற ஆட்டக்காரர்கள் அந்தக் கதையைக் கேட்டிருப்பார்களோ என்னவோ.

நமக்கும் குழு இருந்தது

தோட்டத்துக்காரர்களுக்கென்று சொல்லக்கூடிய ஒரு கிளப் சூப்பர் லீக்கில் ஆடியது. ஃபெல்டா யுனைடெட். நிலக் குடியேற்றத் திட்டத்தின் குழு, செம்பனைக்கு நடுவே ஜெங்காவில் சொந்தத் திடல். மறைந்த பி. சத்தியநாதன் அவர்கள் அதற்குப் பயிற்றுநராக இருந்தார். 2010-இல் கிளந்தானுக்கு மலேசியக் கிண்ணத்தை வாங்கித் தந்தவரும் அவரே. 2020 பருவத்தோடு ஃபெல்டா குழுவைக் கலைத்து விட்டார்கள்.

இன்னொன்று, மலேசிய இந்தியக் காற்பந்து சங்கத்திலிருந்து வளர்ந்த குழு. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்குக்கு வந்தது. பி. மணியம் பயிற்றுநராக இருந்த காலத்தில், வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், முழுக்க முழுக்க உள்நாட்டுப் பையன்களை வைத்து மற்ற குழுக்களோடு மல்லுக்கு நின்றது. நம் பையன்களின் பெயரை வானொலியில் கேட்க ஒரு வழி இருந்தது. 2022 பருவத்தோடு அதுவும் விலகிக் கொண்டது.

இங்கே ஒரு பேச்சை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. 2025/26 பருவத்துக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர் எண்ணிக்கையின் வரம்பை உயர்த்தினார்கள். உடனே, "அவனுங்க வந்துதான் நம்ம பசங்க சோத்துல மண்ணு" என்று சிலர் பேசுகிறார்கள். தோட்டத்தில் பங்களாதேஷ்காரனைப் பார்த்து, இந்தோனேசியாக்காரனைப் பார்த்துச் சொல்லுகிற அதே பேச்சு. வரம்பை உயர்த்தியது ஆட்டக்காரன் அல்ல. கூலி குறைந்த ஆளைத் தேடியதும் அவன் அல்ல. கிளப் சம்பளம் போடாதபோது அந்த வெளிநாட்டுக்காரனும்தான் தெரியாத ஊரில் வாடகை பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். சண்டை போட வேண்டிய இடம் மேசைக்கு அந்தப் பக்கம். நம் பையன்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்போம், கட்டாயம் கேட்போம். ஆனால் அதைக் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்போம்.

நம் பையன்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதும் ஒரு கேள்வி. நமக்கு முந்திய தலைமுறைக்கு ஆர். ஆறுமுகம் இருந்தார். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காத்தவர், நீளமான கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர், 1988-இல் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார். எம். சந்திரன் 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடினார். அங்கே நம் நாடு அமெரிக்காவை 3–0 என்று வென்றது. நம் தலைமுறைக்கு கே. ராஜகோபால். அவர் பயிற்றுநராக இருந்தபோதுதான் 2009-இல் சீ விளையாட்டுத் தங்கமும், 2010-இல் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டத்தில் 4–2 என்று வென்று தென்கிழக்காசியக் கிண்ணமும் வந்தன. அந்தக் குழுவில் எஸ். குணாளனும் கே. குருசாமியும் ஆடினார்கள். குணாளன் பிறகு ஜொகூருக்குப் போய்ப் பட்டம் மேல் பட்டம் வாங்கினார். சிலாங்கூர்க்காரர்கள் நமக்கு அதில் வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

முன்பு ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு திடல் இருந்தது. நாம் படித்த தோட்டப் பள்ளிக்கும் பிரட்டுக் களத்துக்கும் நடுவே அப்படி ஒன்று. சாயங்காலம் ஸ்டோர் ஆட்கள் ஒரு பக்கம், வெட்டுக்காட்டு ஆட்கள் ஒரு பக்கம். மண்டோரே நடுவர், மண்டோர் மகனுக்கு மட்டும் ஃபவுல் ஊதுவதில்லை. தோட்டம் கைமாறியது, திடலும் போனது. சிலாங்கூர் ஆடும் இடங்களையே எடுத்துக் கொள்ளுங்களேன். ஷா ஆலம் நகரம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டப் பகுதி. அங்கே 1994-இல் திறந்த பெரிய அரங்கத்தை 2024-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அது இல்லாத காலத்தில் சிலாங்கூர் குடியேறியது பெட்டாலிங் ஜெயா அரங்கத்துக்கு. பெட்டாலிங் ஜெயாவும் எஃபிங்ஹாம் என்ற ரப்பர்த் தோட்டத்தை எடுத்து உருவாக்கிய ஊர்தான். நிலம் நம் கை பட்ட நிலம். பந்தடிக்கிற பிள்ளைக்கு மட்டும் திடல் இல்லை. புதிதாக வீடமைப்புத் திட்டம் வரும் தோட்டங்களில் கோவிலுக்கும் பள்ளிக்கும் நிலம் கேட்டு மனு எழுதும்போது, திடல் என்று ஒரு வரியையும் சேர்த்து எழுதும்படி தோட்டக் கமிட்டிகளைக் கேட்டுக் கொள்கிறோம்.

மற்ற ஆட்டங்கள்

நெகிரி செம்பிலானும் மலாக்காவும் பக்கத்து வீட்டுக்காரர்கள். பாரோயில் நடந்தாலும் குருபோங்கில் நடந்தாலும் அது கூட்டம் சேரும் ஆட்டம். நெகிரி 2009-லும் 2011-லும் கிளந்தானை இறுதியில் அடித்துக் கிண்ணம் வாங்கிய மாநிலம். மலாக்கா யுனைடெட் 2022 பருவத்துக்குப் பிறகு உரிமம் கிடைக்காமல் மறைந்தது; 2025/26-இல் மலாக்கா பெயரோடு வேறொரு கிளப் சூப்பர் லீக்குக்கு வந்தது. பழைய கதை திரும்பாமல் இருக்க வேண்டும். ஆட்டத்தைப் பொறுத்தவரை நாம் நெகிரி பக்கம் சாய்கிறோம், சொந்தத் திடல் என்றால் ஒரு கோல் வித்தியாசத்தில்.

கோலாலம்பூர் சிட்டி 2021 மலேசியக் கிண்ண இறுதியில் ஜொகூரையே 2–0 என்று வீழ்த்திய குழு. யாரும் எதிர்பார்க்கவில்லை. சிலாங்கூர் பையன்கள் அந்த ஆட்டத்தை எடுத்துப் போட்டு இன்னொரு முறை பார்ப்பது நல்லது. அன்று கோலாலம்பூர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அடைத்து நின்றார்கள், பொறுத்தார்கள், கிடைத்த வாய்ப்பை விடவில்லை.

சரி, நம் கணிப்பு. ஆட்டம் பெட்டாலிங் ஜெயாவில் என்றால் 1–1. ஜொகூரின் இஸ்கண்டார் புத்ரி அரங்கத்தில் என்றால், மனசு வலித்தாலும் எழுதுகிறோம், 2–1 என்று ஜொகூருக்கு. சிலாங்கூர் முதல் கோல் போட்டால் மட்டும் இந்த இரண்டு கணக்கையும் கிழித்துப் போட்டு விடலாம்.

போகிறவர்கள் நுழைவுச் சீட்டை முன்கூட்டியே வாங்கி விடுங்கள். வாசலில் விற்பவனிடம் இரட்டை விலை கொடுக்க வேண்டாம். தனித்தனியாக மோட்டார் சைக்கிளில் ராத்திரி நேரத்தில் நெடுஞ்சாலையில் வருவதை விட, பத்துப் பேர் சேர்ந்து வேன் பிடித்தால் செலவும் குறைவு, வீட்டில் அம்மாமார்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள். வேனில் இரண்டு இடம் நமக்கும் வைக்கச் சொல்லி கிள்ளான் பக்கத்துத் தம்பிகளிடம் சொல்லியிருக்கிறோம். மறுநாள் காலையில் பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள் அதையும் யோசித்துக் கொண்டு கிளம்புங்கள்.